நனைந்த அலுமாரியை அவசரப்பட்டு விற்காதீர்கள்

சில வருடங்களுக்கு முந்திய ஒரு மார்கழி மாதம். மண் சரிவு அபாயத்தால் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பாடசாலை மண்டபமொன்றில் தங்கியிருந்தன. மழை விட்ட ஒரு காலையில், லயத்துக்குப் போய்வர அனுமதி கிடைத்தவர்கள் சேற்றில் கிடந்த சாமான்களைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தார்கள். கட்டில், வாங்கு, மேசை, ஓர் இரட்டைக் கதவு அலுமாரி எல்லாம் சுள்ளென்ற வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் ஒரு சிறிய லொறி வந்தது. பழைய சாமான் வாங்குபவர் அலுமாரியைச் சுற்றி வந்து, கதவை இழுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இது இத்துப்போன சாமான் அம்மா. விறகுக்குத்தான் ஆகும். தூக்குற கூலியைக் கழிச்சுக் கொஞ்சம் தாரேன்."

அந்தத் தாயாருக்குக் கைச்செலவுக்குக் காசு வேண்டியிருந்தது. தலையாட்டப் போன நேரத்தில், மண்டபத்தில் தங்கியிருந்த வயதான ஆசாரி ஒருவர் எழுந்து வந்தார். சிறு கத்தியால் அலுமாரியின் பின்கால் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டினார். சேறும் கறுத்த பொலிஷும் போன இடத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தது.

"தாயி, இது பலா. நல்லா வைரம் பாஞ்ச பலா. நனைஞ்சிருக்கு, அவ்வளவுதான். முதல்ல வெயிலை விட்டு நிழலுக்குத் தூக்குங்க."

லொறி வெறுமனே போயிற்று. அந்த அலுமாரிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை முடிவில் சொல்கிறோம். அதற்கு முன், ஆசாரி அன்று சொன்ன "நிழலுக்குத் தூக்குங்க" என்ற வார்த்தைக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று பார்ப்போம்.

உயிர் முதலில், சாமான் பிறகு

ஊவாவுக்கு மண்சரிவு புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் எவரும் மறக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் மாகல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் காலம் கழித்தார்கள். புது வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மலை சரிந்தது. உயிர்களும் போயின, வீடுகளும் போயின.

ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாக விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள். செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். சிவப்பு எச்சரிக்கை இருக்கும்போது அலுமாரிக்காகவோ கட்டிலுக்காகவோ எவரும் திரும்பிப் போகக்கூடாது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை மழைக்காலத்தில் அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல், ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கதவோரமாகத் தொங்கவிடுங்கள். கையில் எடுத்துக்கொண்டு ஓட அதுவே போதும்.

இனி வருவதெல்லாம், அதிகாரிகள் "போகலாம்" என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியவை.

எதைக் காப்பாற்றலாம்?

எமது வீடுகளில் உள்ள தளபாடங்களின் பெயர்களைக் கவனியுங்கள். மேசை, கதிரை, அலுமாரி, வாங்கு ஆகியவை போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள். லாச்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. சொற்கள் வெளியாருடையவை, மரமும் தச்சும் பெரும்பாலும் இந்த நாட்டினுடையவை. பலா, தேக்கு, முதிரை, மகோகனி ஆகியவற்றால் செய்த பழைய தளபாடங்கள் துரை பங்களாக்களிலிருந்தும், கணக்கப்பிள்ளை, கிளாக்கர் வீடுகளிலிருந்தும், சந்தையிலிருந்தும், சீதனமாகவும் லயத்துக் காம்பராக்களுக்கு வந்து சேர்ந்தன. பலருக்குத் தம் வீட்டில் இருப்பது என்ன மரம் என்றே தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், கதிரையின் அடிப்புறத்திலோ லாச்சியின் உட்புறத்திலோ, கத்தி நுனியால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பலாவாக இருக்கலாம். பலா வயதாக ஆகச் செம்மண் நிறத்துக்கு மாறும். பொன் கபில நிறமும் தோல் வாடையும் எண்ணெய்ப் பசையும் இருந்தால் தேக்கு. சிவந்த கபிலமாக இருந்தால் மகோகனி. மிகப் பாரமாகவும் பட்டுப்போல மினுங்கும் மஞ்சளாகவும் இருந்தால் முதிரை. இவை நனைந்தாலும் எளிதில் அழியாத மரங்கள்.

தேயிலைக்கு நிழல் தரும் அல்பீசியாவும் கிரவீலியாவும் இவற்றை விட மெதுவானவை. கிரவீலியாப் பலகையில் சிறு சிறு புள்ளி விழுந்தாற்போல் அழகான ரேகை இருக்கும். இவற்றையும் காப்பாற்றலாம், ஆனால் பூச்சிக்கு விரைவில் இரையாகும், எனவே கூடுதல் கவனம் தேவை.

அடுத்து, கத்தி நுனியை அழுத்திப் பாருங்கள். நுனி கடினமாக நின்றால் மரம் நலமாயிருக்கிறது. ஊறிய பாணுக்குள் போவது போல இறங்கினால் அந்தப் பகுதி உக்கிவிட்டது. விரலால் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று உறுதியாகக் கேட்டால் நல்லது, பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கறையான் தின்றிருக்கலாம். ஒரு கால் மட்டும், ஒரு பலகை மட்டும் கெட்டிருந்தால் அதை மாற்றலாம்; அதற்காக முழு அலுமாரியையும் கைவிட வேண்டியதில்லை.

ஒன்றைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மரத்தூளைப் பசையோடு அமுக்கிச் செய்த புதுரகப் பலகை தண்ணீரில் ஊறி உப்பிவிட்டால் பழைய நிலைக்கு வராது. அதில் பணமும் நேரமும் செலவழிக்காதீர்கள். பிணைச்சல், பூட்டு, கைபிடி, கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவை வேறொன்றுக்கு உதவும்.

நிழலில் காயட்டும்

நனைந்த மரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீரல்ல, அவசரம்தான்.

மரம் நீளவாக்கில் சுருங்குவது இல்லையென்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் சுருங்கும். நன்றாக ஊறிய 12 அங்குல அகலப் பலகை காயும்போது கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை குறுகக்கூடும். அதைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கும். உட்புறம் இன்னும் ஊறி உப்பியபடியே இருக்கும். இந்த இழுபறியில் பலகை வெடிக்கிறது, முறுக்கிக்கொள்கிறது. மூட்டுகள் பிளந்து வாய் திறக்கின்றன. பழைய சாமான் வாங்குபவர் "இத்துப்போச்சு" என்று காட்டியது, உண்மையில் மூன்று நாள் வெயில் செய்த வேலை.

செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறோம்.

முதலில், சேறு காய்ந்து இறுகுமுன் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். மெதுவான தும்புத் தூரிகையும் சீலைத் துண்டும் போதும். வெள்ளச் சேற்றில் மலக்கழிவு கலந்திருக்கலாம். கைக்கு உறை போடுங்கள், வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளைத் தூர வையுங்கள்.

இரண்டாவது, கதவுகளைத் திறந்து விடுங்கள். லாச்சிகளை வெளியே எடுங்கள். உப்பிப்போய் வெளியே வராத லாச்சியை முன்னாலிருந்து இழுத்தால் முகப்புப் பலகை கையோடு வந்துவிடும். பின்பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளுங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்ததும் தானாக வரும்.

மூன்றாவது, கூரை உள்ள, காற்றோட்டமான நிழலில், தரையில் படாமல் செங்கல்லின் மேலோ கல்லின் மேலோ வையுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தனியாகக் கழன்ற பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, மேலே பாரமான கல்லை ஏற்றுங்கள். காற்று இடையில் புகும், பலகை முறுக்காது.

நான்காவது, பூஞ்சணம் பிடித்தால் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு, வெளியே வைத்துச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சீலையால் துடையுங்கள். உலர்ந்த தூரிகையால் வீட்டுக்குள் தட்டாதீர்கள். தூள் முழுவதும் நெஞ்சுக்குள் போகும்.

எவ்வளவு நாள்? இரண்டொரு நாள் மட்டும் நனைந்த கதிரைக்குச் சில வாரங்கள் போதும். ஓர் அங்குலப் பலகை முற்றாக ஊறியிருந்தால் இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கலாம். வடகீழ்ப் பருவ மழை முடியும்வரை பதுளைப் பக்கத்தில் மரம் சரியாகக் காயாது. மாசி, பங்குனியில் காயத் தொடங்கும். ஆடி, ஆவணியில் ஊவாத் தேயிலைக்கு மணம் தரும் அதே வரண்ட காற்று மரத்தையும் காயவைக்கும். ஆனால் அந்தக் காற்று நேரே அடிக்கும் இடத்தில் வைக்காமல் ஒரு சாக்கை மறைப்பாகக் கட்டுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு லாச்சியை வாரம் ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து, நிறையைச் சுண்ணக்கட்டியால் அதன் அடியிலேயே எழுதுங்கள். நிறை குறைந்துகொண்டே வரும். மூன்று வாரம் ஒரே நிறை காட்டினால் மரம் காய்ந்துவிட்டது. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் உக்கவைக்கும் பூஞ்சணம் அதில் வளராது. அதன் பிறகே பசையும் பொலிஷும்.

ஆணி அடிக்காதீர்கள்

ஆடுகிற கதிரையைக் கண்டால் எமது கை தானாகச் சுத்தியலைத் தேடுகிறது. இரண்டு ஆணி அடித்தால் அன்றைக்கு நிற்கும். ஆனால் ஆணி மரத்தைப் பிளக்கிறது. மலைநாட்டு ஈரத்தில் துருப்பிடித்துச் சுற்றிலும் மரத்தைக் கறுப்பாக்கி உக்கவைக்கிறது. அடுத்த முறை அந்த மூட்டைப் பிரிக்கவும் முடியாது.

ஹாலிஎலவுக்கு அருகே போகொட மரப்பாலத்தைப் பார்த்தவர்கள் எம்மில் பலர். 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று சொல்லப்படும் அந்தப் பாலம் சுமார் 50 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. இரும்பு ஆணி இல்லாமல் மர ஆணிகளாலேயே பொருத்தப்பட்டது. தலைக்கு மேல் ஓட்டுக் கூரை, கீழே ஓடும் ஆறு, பக்கமெல்லாம் திறந்த காற்று. இத்தனை மழை பெய்யும் இடத்தில் நூற்றாண்டுகள் தாண்டி நின்றதற்குக் காரணம் மரத்தின் உறுதி மட்டுமல்ல. மழைநீர் மரத்தில் தங்கவில்லை, நனைந்தது காற்றில் காய்ந்தது, மரமும் மர ஆணியும் சேர்ந்தே உப்பிச் சேர்ந்தே சுருங்கின. எங்கள் வீட்டுக் கதிரைக்கும் இதே பாடம்தான்.

பழைய கதிரையின் காலில் ஒரு சதுரத் துளை குடைந்திருக்கும். அதற்குப் பொளி என்று பெயர். குறுக்குச் சட்டத்தின் நுனி அதற்கேற்பச் செதுக்கப்பட்டிருக்கும், அது கழுந்து. கழுந்து பொளிக்குள் போய்ப் பசையால் நிற்கிறது. ஆடுகிறது என்றால் பெரும்பாலும் பசை செத்துவிட்டது, அவ்வளவுதான்.

பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டிலும் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள்: "இடது முன் 1", "வலது முன் 2" என்று. குறியிடாமல் பிரித்துவிட்டுத் திண்டாடாத ஆசாரியே இல்லை. பழைய தளபாடங்களில் மிருகத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசைதான் இருக்கும். அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். சுடுநீரில் தோய்த்துப் பிழிந்த சீலையை மூட்டில் சுற்றிச் சிறிது நேரம் வைத்து, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். மரச் சுத்தியல் இல்லாவிட்டால் இடையில் ஒரு பலகைத் துண்டை வைத்துத் தட்டலாம்.

பிரித்த பிறகு பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுங்கள். பழைய பசைக்கு மேல் புதுப்பசை ஒட்டாது. பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். சுடுநீரால் துடைத்திருந்தால் மீண்டும் ஓரிரு நாள் காயவிடுங்கள். கழுந்து பொளிக்குள் தளர்வாக இருந்தால், மெல்லிய மரச்சீவலைக் கழுந்தின் பக்கத்தில் ஒட்டி, காய்ந்ததும் அரத்தால் தேய்த்து அளவாக்குங்கள். கடதாசியும் தீக்குச்சியும் திணிப்பது நிற்காது.

இனிக் கடையில் கிடைக்கும் வெள்ளை மரப் பசையைக் கழுந்திலும் பொளிக்குள்ளும் மெல்லிதாகப் பூசிப் பொருத்துங்கள். இறுக்கிப் பிடிக்க இரும்புக் கவ்வி தேவையில்லை. நான்கு காலையும் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, இரு கயிற்றுக்கும் நடுவில் ஒரு குச்சியை நுழைத்து முறுக்குங்கள். முறுக்க முறுக்கக் கயிறு இறுகும். குச்சியைச் சட்டத்தில் சாய்த்துக் கட்டிவிடுங்கள். கயிறு மரத்தைக் கடிக்காதிருக்கச் சீலையை மடித்து அடியில் வையுங்கள். வெளியே பிதுங்கிய பசையை உடனே ஈரச்சீலையால் துடைத்துவிடுங்கள்.

இறுகும் முன் ஒரு சோதனை. ஒரு நூலை இருக்கைச் சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்து அளவெடுங்கள். மற்ற இரு மூலைக்கும் பிடியுங்கள். பெட்டி, மேசை, சதுர வாங்கு ஆகியவற்றில் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்புறம் அகன்ற கதிரையிலும் இடவலமாக இரண்டும் ஒத்திருக்கும். ஒன்று நீளமானால் சட்டம் கோணியிருக்கிறது. நீளமான மூலைகளை அமுக்கிச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு நாள் முழுவதும் கை வைக்காதீர்கள்.

கறையானும் உளுவும்

கறையான் மண்ணிலிருந்து வருகிறது. உளு வண்டு காற்றில் பறந்து வந்து முட்டையிடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கறையானுக்கு முதல் மருந்து இடைவெளி. மண் தரையில் காலை நேரே ஊன்றாமல் கல்லோ சீமெந்துக் கட்டியோ வையுங்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்; மண்குழாய் ஏறினால் கண்ணில் படும், உடனே உடைக்கலாம். காலுக்கடியில் தண்ணீர் ஊற்றிய தகரம் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதில் டெங்கு நுளம்பு முட்டையிடும் என்பதால் தண்ணீரை விட்டுக் கழிவு எண்ணெய் ஊற்றுங்கள்.

மரத்தில் குண்டூசித் தலையளவு துளைகளும் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளு இருக்கிறது. தூளைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். மீண்டும் புதுத்தூள் விழுந்தால் உயிருள்ள பூச்சி. விழாவிட்டால் பழைய துளை, பயமில்லை. உயிருள்ளதாயின் பொலிஷ் இல்லாத வெறுமரத்தில் வெங்காரக் கரைசல் பூசலாம். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 60 கிராம் வெங்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிடுங்கள். கையுறை அணியுங்கள். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உணவு வைக்கும் தட்டுகளில் பூச வேண்டாம்.

தோட்டத்திலோ மரக்கறிச் சேனையிலோ அடிக்கும் பூச்சிமருந்தைக் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் ஒருபோதும் அடிக்காதீர்கள். சிறு காம்பராவுக்குள் இரவு முழுவதும் அந்த வாடையை மூச்சில் இழுப்பது குழந்தைகள்தான்.

மினுக்குப் பூசுதல்

பழைய பொலிஷ் நன்றாக இருந்தால் சுரண்டாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த சீலையால் துடைத்தாலே பாதி அழகு திரும்பும். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, கழிவைச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

புதிதாகப் பூச வேண்டுமானால் அரக்குப் பொலிஷே வீட்டில் செய்ய எளியது. ஒரு போத்தல் மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் சுமார் 150 கிராம் அரக்குச் செதிலைப் போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு, துணியால் வடிகட்டுங்கள். பஞ்சை வெள்ளைப் பருத்திச் சீலையில் பொட்டலமாகக் கட்டி, பொலிஷில் தோய்த்து, மரத்தின் ரேகையோடு மெல்லிதாகப் பூசுங்கள். ஒன்று காய்ந்ததும் அடுத்தது. கனமாக ஒரு தடவை பூசுவதை விட மெல்லிதாக ஆறு தடவை பூசுவது மேல். மழைநாளிலும் மூடுபனி இறங்கும் மாலையிலும் பூசாதீர்கள்; காற்றின் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும்.

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். விறகடுப்பு எரியும் காம்பராவில் இந்த வேலை வேண்டாம், இஸ்தோப்பில் செய்யுங்கள். ஆளி எண்ணெய் பூசுபவர்கள், துடைத்த சீலையைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது, விரித்துக் காயவிடுங்கள். தேங்காயெண்ணெய் பூசினால் அன்றைக்கு மினுங்கும். ஆனால் அது காயாது. தூசியைப் பிடித்து நாளடைவில் சிக்கு வாடை வீசும்.

பிரம்பும் தேயிலைப் பெட்டியும்

பிரம்பு பின்னிய கதிரையில் இருக்கை கிழிந்துபோனால் சட்டத்தை எறியாதீர்கள். பிரம்புத் தோலைத் தண்ணீரில் ஊறவிட்டு இளகியதும் பின்ன வேண்டும். காயும்போது தானாக இறுகும். பிரம்பு கிடைக்காவிட்டால் நைலோன் கயிற்றாலும் பின்னலாம்.

எமது பாட்டன் பாட்டிமார் காலத்துத் தேயிலைப் பெட்டியும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த அந்தப் பெட்டிகள் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தன. எஸ்தோனியா நாட்டின் தாலின் நகரத்தில் செய்தவையும் அவற்றுள் உண்டு. பின்னர் காலிக்கு அருகே கிந்தோட்டையில் எமது நாட்டிலேயே ஒட்டுப்பலகை செய்தார்கள். பெட்டிக்குப் பதிலாகக் கடதாசிப் பை வந்ததும் அந்தக் காலம் முடிந்தது. கைவிடப்பட்ட பெட்டிகள் லயத்தில் புத்தகத் தட்டாகவும், அரிசிப் பெட்டியாகவும், சாமித் தட்டாகவும் மாறின. தகடு பிரிந்திருந்தால் இடையில் பசை விட்டு, மேலே பலகையும் கல்லும் வைத்து ஒரு நாள் அமுக்குங்கள், மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

விற்பதா, வைப்பதா?

கையில் காசில்லாத நேரத்தில் விற்க வேண்டி வரலாம். அதில் குற்றமில்லை. விலை தெரியாமல் விற்பதுதான் நட்டம். விற்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். அலுமாரியின் ஒவ்வொரு பலகையின் நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். அந்தத் தாளோடு மரக்காலைக்கோ அரச மரக் கூட்டுத்தாபன விற்பனை நிலையத்துக்கோ போய், இதே அளவுப் பலாப் பலகை இன்று என்ன விலை என்று கேளுங்கள். வாங்குபவர் சொன்ன தொகையை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பலா மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி பெற வேண்டும். மரம் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படும். நன்கு காய்ந்து பக்குவப்பட்ட பழைய பலகைக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். அதை எம்மிடம் வாங்குபவருக்கு இது தெரியும். எமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து குடும்பத்துக்கு ஒரு கருவிப் பெட்டி

இந்த வேலைகளுக்குப் பெரிய பட்டறை தேவையில்லை. ஒரு கைவாள், இரண்டு உளி, ஒரு சீவுளி, மரச் சுத்தியல், துளையிடும் கருவி, அரம், அளவுநாடா, நல்ல கயிறு. ஒரு குடும்பம் தனியாக வாங்குவது சிரமம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கலாம். ஒருவர் பொறுப்பாக வைத்திருந்து, யார் எடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதினால் சண்டை வராது. முகாம்களிலும் புதுக்குடியிருப்புகளிலும் வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கு முதலில் தங்கள் வீட்டுக் கதிரையும், பின்னர் அயலவர் கதிரையும், அதன் பிறகு ஊர்ப் பாடசாலையின் உடைந்த மேசைகளும் பயிற்சியாகும். பெண்களும் இதைச் செய்யலாம். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்களுக்குப் பிரம்பு பின்னுவது கடினமில்லை.

தொழிலாகவே எடுத்துக்கொள்ள விரும்புபவர்கள் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் தச்சுப் பயிற்சி பற்றி விசாரியுங்கள். வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களும் தமது திறமையைக் காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழியிருக்கிறது. வயதான ஆசாரிமார் இருந்தால் அவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். அவர்களுக்கும் அது மரியாதை.

இனி அந்த அலுமாரிக்கு வருவோம். மூன்று மாதம் பாடசாலைப் பின்கொட்டகையின் நிழலில் நின்றது. அந்தத் தாயாரின் மூத்த மகன் வாராவாரம் லாச்சியைக் கடைக்குத் தூக்கிப்போய் நிறுத்தான். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு அவரே நிறையைக் கேட்டறியத் தொடங்கினார். பங்குனியில் ஆசாரியும் பையனும் மூட்டுகளைப் பிரித்து ஒட்டினார்கள். பின்கால் ஒன்றின் அடி உக்கியிருந்ததால் அதை அறுத்து, வேறொரு பழைய பலாத் துண்டை இணைத்து மர ஆணி அடித்தார்கள். வெயிலில் வெடித்த கதவுப் பலகையின் கீறலை மரச்சீவலால் அடைத்தார்கள். அந்தக் கீறல் இன்றும் தெரியும்.

"அந்த மூணு நாள் வெயில்ல வைக்காம இருந்திருந்தா இதுவும் இருந்திருக்காது" என்றார் அந்தத் தாயார். "அது இருக்கட்டுங்க. பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரட்டும்."

புது வீட்டுக்குப் போனபோது முதலில் உள்ளே போனது அந்த அலுமாரி. மேல்தட்டில் துணி, கீழ்த்தட்டில் பிள்ளைகளின் பாடப்புத்தகம். அடையாள அட்டைகள் மட்டும் அதற்குள் இல்லை. அவை பொலித்தீன் பையில், கதவோரம், ஆணியில் தொங்குகின்றன.